நேத்து என்ன சாப்ட்டீங்க?

திங்கட்கிழமை டயாலிசிஸ் வார்டில் உணவுக் குறிப்பு எழுதுகிற அம்மா கேட்டார்கள்: "பெரியவரே, நேத்து என்ன சாப்ட்டீங்க?"

"காலைல இட்லிங்கம்மா. மத்தியானம் ரசஞ்சோறு. ராத்திரி ரெண்டு இட்லி" என்றார் அப்பா.

பக்கத்தில் நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மாட்டுக்கறி.

கிட்னி செத்துப்போனவனுக்குச் சோறு கணக்காகிவிடுகிறது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும். உப்பு ஏறினால் தாகம். குடித்த தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தங்கும். பாஸ்பரஸ் எலும்பைக் கெடுக்கும். நல்ல கிட்னி ராப்பகலாகச் செய்யும் வேலையை, மிஷின் வாரம் 3 நாள், 4 மணி நேரத்தில் செய்யப் பார்க்கிறது. பாஸ்பரஸை அதனாலும் முழுசாக எடுக்க முடியாது. அதற்குத்தான் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் மாத்திரை. சோற்றில் இருப்பதை அது வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். எந்த வேளை எதைத் தின்றோம் என்று சொன்னால்தான் மாத்திரையைப் பிரித்துக் கொடுக்க முடியும்.

அப்பா இட்லிக்கு மாத்திரை போட்டார். கறிக்குப் போடவில்லை, ஏனென்றால் தாளில் கறியே இல்லை. ரத்தத்தில் பாஸ்பரஸ் மாசாமாசம் ஏறியது. ராத்திரியெல்லாம் அரிப்பு. சொரிந்து சொரிந்து முதுகெல்லாம் புண். இட்லி தின்கிற ஆளுக்கு எங்கிருந்து ஏறுகிறது என்று வார்டில் குழம்பினார்கள்.

"உசுரு போற விஷயத்துல பொய் சொல்லலாமாப்பா?" என்று பஸ்ஸில் கத்தினேன்.

"எட்டு கட்டில் இருக்குது. அத்தினி பேரும் காத நீட்டிக்கினு கெடக்கறான். வாரத்துக்கு மூணு நாளு நான் அங்க படுக்கணும்டா."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பொய் சொல்லாதே என்கிற அறம் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. தயிர்சாதம் தின்றவனுக்கு உண்மை சொல்ல ஒரு பைசா செலவில்லை. மாட்டிறைச்சியையும் தீண்டாமையின் தோற்றத்தையும் சேர்த்து வைத்து அம்பேத்கர் 1948இல் ஒரு புத்தகமே எழுதினார். என்ன தின்றாய் என்று கேட்டால் நீ யார் என்று கேட்டதாகவே எங்கள் காதில் விழுகிறது. கேட்கிற அந்த அம்மா நல்லவராகவே இருக்கட்டும். கட்டில்கள் எட்டு.

நண்பர் ஒருவர் சொன்னார், "அது பார்ப்பனத் தாள், கிழித்துப் போடு" என்று. தாளில் இட்லி, ஆப்பிள், சுரைக்காய் எல்லாம் இருந்தன. மாடு இல்லை, போட்டி இல்லை, கருவாடு இல்லை. அதுவரைக்கும் அவர் சொன்னது சரி. ஆனால் கிழிக்க மாட்டேன். தீட்டுக்குத்தான் சாதி உண்டு, மில்லிகிராமுக்குக் கிடையாது. 100 மில்லி இளநீரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம். அரை லிட்டர் பாலில் இருக்கிற பாஸ்பரஸ், 100 கிராம் வெந்த மாட்டுக்கறியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. சோடியம் குறைவென்று கடையில் விற்கிற உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. கிட்னிக்காரனுக்கு அது எமன்.

டயாலிசிஸ்காரனுக்குப் புரதமும் வேண்டும், உடம்பில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல். அளவாகக் கறியை வேகவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, மாத்திரையோடு தின்றால் கணக்கில் அதற்கும் இடமுண்டு. மறைத்ததால்தான் இடமில்லாமல் போயிற்று. கருவாட்டுக்கு மட்டும் வழியில்லை. அம்மா மூணு தண்ணியில் ஊறவைத்துப் பார்த்தாள். உப்பு போகவில்லை, ருசி போயிற்று. அது சாதியின் குற்றமில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்த மாதம் அப்பா மிஷினில் கிடக்கும்போது அந்த அம்மாவின் மேசைக்குப் போய் நானே சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. "எவ்ளோ சாப்பிடுவார்?" என்றார்கள். உள்ளங்கையைக் காட்டினேன். தாளில் 'அசைவம்' என்று எழுதினார்கள். மாட்டுக்கறி என்று எழுதவில்லை. மாத்திரையை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றினார்கள். பாஸ்பரஸ் இறங்கியது, அரிப்பும் குறைந்தது.

அப்பா தன் உயிரை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்ததை எடுத்துச் செலவழிக்க எனக்கு என்ன உரிமை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.