முருகன் பாதத்தைத் தொழுற கை, குழந்தை பாதத்தையும் தொடணும்

ஓம் சரவணபவ!

நான் பெரிய சொற்பொழிவாளர் இல்லை. நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து, அடுத்தவங்க எழுதின கோட்ல தப்பு கண்டுபிடிக்கிற வேலை. இன்னைக்கு நான் செஞ்ச ஒரு தப்பைத்தான் சொல்லப் போறேன். கிருத்திகை நாள்ல அதை மறைக்காம சொல்லிட்டா மனசுக்கு நல்லதுன்னு தோணுச்சு.

பழனி பாதயாத்திரைக்காக மார்கழியில் மாலை போட்டிருந்தேன். விரதம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், மாலை போட்டா செருப்பு கிடையாது. ஆபீஸுக்கும் வெறுங்காலோடதான் போனேன். லிஃப்ட்ல யாராவது காலைப் பார்த்து, "என்ன ப்ரோ, பழனியா?"ன்னு கேட்டா உள்ளுக்குள்ள ஒரு பெருமை. பொய் சொல்லக் கூடாது, அந்தப் பெருமை எனக்குப் பிடிச்சிருந்தது.

அதே சமயம் எங்க அபார்ட்மெண்ட்ல, வீட்டுல சும்மா கிடக்கிற நல்ல ஷூக்களைச் சேகரிச்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்னு நாங்க நாலு பேர் பேசினோம். 43 ஜோடி சேர்ந்தது. துவைச்சு, வெயில்ல காய வெச்சு, புது சாக்ஸ் வாங்கி உள்ளே வெச்சோம். ஜனவரியில் அரையாண்டு லீவு முடிஞ்சு பள்ளி திறந்ததும் வேன்ல ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை அம்மாகிட்ட, "அரசு விலையில்லா காலணி தருதே, அப்புறமும் தேவைப்படுதா?"ன்னு கேட்டேன்.

"தர்றாங்க தம்பி. ஆனா இந்த வயசுல கால் நிக்காம வளருது. இருக்கிற ஜோடி பிஞ்சு போச்சுன்னா அடுத்தது வர்ற வரைக்கும் வெறுங்கால்தான்"னு சொன்னாங்க.

பிள்ளைங்க வரிசையா வந்தாங்க. அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருத்தன் ஷூவை வாங்காம என் காலையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் மெதுவா, "அண்ணே, உங்களுக்கும் செருப்பு இல்லையா?"ன்னு கேட்டான்.

எனக்கு வாய் வரலை. "இருக்குடா, சாமிக்காகப் போடலை"ன்னு சொன்னேன். அவனுக்குப் புரியலை. வீட்டுல ஷூ ரேக் நிறைய ஜோடி வெச்சிருக்கிறவன் 48 நாள் வெறுங்காலோட நடந்தா அதுக்குப் பேரு விரதம். அந்தப் பையன் வருஷம் முழுக்க நடக்கிறதுக்கு என்ன பேரு?

அந்தக் கேள்வியில இருந்து தப்பிக்கத்தானோ என்னவோ, அவசரமா ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்து, "சரியா இருக்கா?"ன்னு கேட்டேன். போட்டுப் பார்த்துட்டு, "சரியா இருக்குண்ணே"ன்னான். அடுத்த பையனைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. குரூப் போட்டோ எடுத்தோம். ஸ்டேட்டஸ்ல வெச்சேன். நிறைய அரோகரா வந்தது.

தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி திண்டுக்கல்ல இருந்து நடக்க ஆரம்பிச்சோம். பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ரெண்டாம் நாள் காலையில எனக்கு ரெண்டு குதிகால்லயும் கொப்புளம். ரோட்டோரத் தண்ணிப் பந்தல்ல உட்கார்ந்தா, மோர் கொண்டு வந்து நீட்டினது அதே பையன். வெறுங்கால். தார் ரோடு கொதிக்குது.

"ஷூ எங்கடா?"ன்னு கொஞ்சம் அதட்டலாவே கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பக்கத்துல தண்ணி ஊத்திக்கிட்டிருந்த அவங்க அம்மாதான் சொன்னாங்க: "அது பத்தலைங்க தம்பி. சின்னதுன்னு சொன்னா திருப்பி வாங்கிடுவீங்கன்னு பயந்து சரியா இருக்குன்னு சொல்லிட்டானாம். பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டான்."

அவன் குதிகாலைப் பார்த்தேன். எனக்கு இருந்த அதே இடத்துல அவனுக்கும் கொப்புளம் ஆறின தழும்பு. எனக்கு அது விரதம் கொடுத்தது. அவனுக்கு நான் கொடுத்தது.

நண்பர்களே, நம்ம பழனியாண்டவர் ஆண்டிக் கோலத்துல நிக்கிறார். ஞானப்பழம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு வந்து நின்னவர். ஆனா கைலாயத்தை விட்டுட்டு வந்தது அவரே எடுத்த முடிவு. இருக்கிறவன் விடுறதுதான் துறவு. இல்லாதவன் படுறது துறவு இல்லை, அது வறுமை. அதனாலதான் ஒரே மூர்த்திக்கு ஒரே நாள்ல ஆண்டி அலங்காரமும் நடக்குது, ராஜ அலங்காரமும் நடக்குதுன்னு நான் நினைச்சுக்கிறேன். நாம ஆண்டியா நடக்கலாம். எதிர்ல நிக்கிற குழந்தையை ராஜாவா பார்க்கணும்.

நான் அன்னைக்கு அப்படிப் பார்க்கலை. நின்ன இடத்துலேயே நின்னு, "சரியா இருக்கா?"ன்னு கேட்டேன். வாங்குற இடத்துல நிக்கிற குழந்தை அதுக்கு "இல்லை"ன்னு எப்படிச் சொல்லும்? நான் உட்கார்ந்திருக்கணும். அவன் காலைக் கையில பிடிச்சு, விரல் முட்டுதான்னு அமுக்கிப் பார்த்திருக்கணும். திருவடி, திருவடின்னு நாம உருகுறோம். நம்ம சாமியே குழந்தைச் சாமி. அந்தப் பாதத்தைத் தொழுற கைக்கு, மண்ணு ஒட்டின இந்தச் சின்னப் பாதத்தைத் தொட என்ன கூச்சம்?

பூசம் முடிஞ்சு அடுத்த சனிக்கிழமை திரும்பப் போனேன். தரையில உட்கார்ந்தேன். பேப்பர்ல அவன் காலை வெச்சு பென்சில்ல வரைஞ்சேன். நான் கொடுத்தது ரெண்டாம் நம்பர், அவனுக்கு வேண்டியது மூணு. அப்படியே மத்த பிள்ளைங்க காலையும் பார்த்தோம். இன்னும் ஆறு பேருக்குப் பத்தலை. ஆறு பேரும் "சரியா இருக்கு"ன்னு சொன்னவங்கதான்.

நீங்களும் இந்தச் சேவை செய்யணும்னு நினைச்சா, நாங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன். முதல்ல பள்ளிக்குப் போய் அளவெடுங்க, அப்புறம் ஷூ தேடுங்க. சாயங்காலம் அளவெடுத்தா நல்லது, அப்போதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். குதிகால் தேய்ஞ்ச பழைய ஷூ வேண்டாம், அடுத்தவங்க நடைக்குப் பழகினது குழந்தை காலைக் கெடுக்கும். வீட்டுக்கும் ஒரு ஜோடி செருப்பு கொடுங்க. கொக்கிப்புழு மண்ணுல இருந்து பாதத்துத் தோல் வழியாத்தான் உள்ள போகுது, ரத்தசோகை வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். போட்டோ வேண்டாம். வகுப்பு நடுவுல பேர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம்.

நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படைக்கு ஏன் அந்தப் பேர்? ஆற்றுப்படைன்னா வழிகாட்டுறது. பரிசு பெற்றவன், எதிர்ல வர்ற ஏழையைப் பார்த்து, "நீயும் அங்கே போ, கிடைக்கும்"னு சொல்றது. அதுல பெருமை பேச இடமே இல்லை. சொல்றவனும் ஒருநாள் கையேந்தி நின்னவன்தானே.

அந்தப் பந்தல்ல தாகத்தோட உட்கார்ந்தது நான். மோர் கொடுத்தது அவன். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு முருகனுக்குத் தெரியும்.

அடுத்த வருஷமும் வெறுங்காலோடதான் பழனிக்கு நடப்பேன். ஆனா மாலை போடுறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளிக்கு ஒரு தடவை போவேன். பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கிட்டு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!