குழந்தையை எந்தக் கோலால் அளப்பது?

தாய் தந்தையரிடம் வைத்திருக்க இயலாத குழந்தையைச் சர்க்கார் எடுத்து, வேறொரு குடும்பத்தில் வளர்க்கச் செய்வது இன்று பல நாடுகளில் உள்ள வழக்கம். இக்குழந்தைகளை அநாதைகள் என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலோர்க்குப் பெற்றோர் உயிருடன் இருக்கின்றனர். குடி, போதை மருந்து, அடி உதை, கவனிப்பாரின்மை ஆகியவற்றால் வீடு வீடாக இல்லாமற் போனவர்கள் இவர்கள். அமெரிக்காவில் சில மாகாணங்கள் இவ்வேலையைத் தனியார் ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஸ்தாபனம் வளர்ப்புக் குடும்பத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஊழியரை அனுப்பிப் பார்வையிடுகிறது. குழந்தையைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்பவோ தத்துக் கொடுக்கவோ ஏற்பாடு செய்கிறது. பணம் சர்க்காருடையது. அங்ஙனமாயின், எந்த ஸ்தாபனம் நன்றாகச் செய்கிறது, எது செய்யவில்லை என்று அறிய வேண்டாமா?

அறியவே கூடாது என்பாரும் உளர். அன்புக்குத் தராசு உண்டோ, குழந்தையின் வாழ்வை எண்ணால் அளப்பது அதனைச் சரக்காக்குவதன்றோ என்று அவர்கள் கேட்கின்றனர். கேட்பதற்கு இனிய வாதம்தான். ஆனால் அளக்காதிருந்த காலத்தில் நடந்தது யாது? இல்லினாய் மாகாணத்தைப் பார்ப்போம். சிக்காகோ நகரம் அடங்கிய அம்மாகாணத்தில் 1997-இல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் சர்க்காரின் பொறுப்பில் இருந்தனர். ஸ்தாபனங்களுக்குத் தலைக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று கூலி. குழந்தை வீடு திரும்பினால் வருமானம் குறையும். திரும்பாதிருந்தால் வருமானம் நிற்கும். அங்கிருந்த ஊழியர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவசரப்பட அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை, அவ்வளவே. ஆறு வயதில் வந்த பிள்ளை பதினாறு வயதிலும் அங்கேயே இருக்கும். அன்புக்குத் தராசு வேண்டாம் என்ற கொள்கையின் பலனை அனுபவித்தது அந்தப் பிள்ளை.

1997-இல் அம்மாகாணம் சிக்காகோ வட்டாரத்தில் ஒப்பந்தத்தை மாற்றியது. ஆண்டுதோறும் ஒவ்வொரு ஸ்தாபனமும் இத்தனை புதிய குழந்தைகளை ஏற்க வேண்டும். இத்தனை குழந்தைகளை நிலையான வீட்டில் சேர்க்க வேண்டும். சேர்க்கத் தவறினால், தேங்கிய குழந்தைகளைப் பழைய தொகைக்கே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாண்டுகளுக்குள் மாகாணத்தின் எண்ணிக்கை இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கியது.

வெற்றி என்று உடனே கைதட்டிவிடலாமா? நாம் ஒரு தோட்ட ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவர். எண்ணிக்கை எவ்வாறு ஏறும், எவ்வாறு இறங்கும் என்பது நமக்குச் சிறிது தெரியும். செம்பனை வெட்டுவோர்க்குக் குலைக் கணக்கில் மட்டும் கூலி கொடுத்துப் பாருங்கள். தரையில் உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா என்று எவரும் குனிந்து பார்க்க மாட்டார். காய்க்குலையும் வெட்டப்படும். புத்தகத்தில் குலை ஏறும். ஆலையில் எண்ணெய் இறங்கும். ஒருமுறை அவ்விதம் ஏறிய கணக்கை நாமே அழகாக எழுதி மேலதிகாரிக்கு அனுப்பிப் பாராட்டும் பெற்றோம். பத்து நாள் கழித்து ஆலையிலிருந்து வந்த சீட்டைப் படித்தபோது நம் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டியதில்லை.

காய்க்குலை போன்றதே, பெற்றோர் இன்னும் திருந்தாத வீட்டுக்கு அவசரமாய் அனுப்பப்படும் குழந்தை. ஸ்தாபனத்தின் ஏட்டில் அது "வீடு சேர்ந்தது." மூன்று மாதத்தில் அடிபட்டுத் திரும்பி வந்தால், புதுப் பெயராய் வேறு ஏட்டில் பதியப்படும். ஆதலின் அமெரிக்க மத்திய சர்க்கார், வீடு சென்ற குழந்தைகளில் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்தோர் எத்தனை பேர் என்பதையும் கூடவே கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவன் ஒன்றையும் படியாதவனே.

இதனினும் நுட்பமானதொரு ஏமாற்று உண்டு. அதில் பொய் ஒரு சொல்லும் இராது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்தாபனத்தில் 100 குழந்தைகள் சேர்ந்தனர். 20 பேர் ஆறு மாதத்தில் வீடு சென்றனர். மற்ற 80 பேர் அங்கேயே கிடக்கின்றனர். இன்னொரு ஸ்தாபனத்திலும் 100 பேர் சேர்ந்தனர். 70 பேர் சராசரி பதினைந்து மாதத்தில் சென்றனர். வெளியேறியோரின் சராசரிக் காலத்தை மட்டும் கேட்டால் முன்னதற்கு ஆறு மாதம், பின்னதற்குப் பதினைந்து. பரிசு எவருக்கு? எண்பது பேரை மறந்தவருக்கு! வெளியே போனவர்களை மட்டும் எண்ணுவது கணக்கன்று. ஒரே ஆண்டில் உள்ளே வந்தவர் அனைவரையும் ஒரு கூட்டமாக எடுத்து, ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று கடைசிவரை தொடர வேண்டும். நம் தோட்டங்களில் பிரட்டுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வாராதவர் ஏன் வரவில்லை என்று கேளாத கிராணி எத்தனை நாள் வேலையில் இருப்பார்?

ஒப்பிடுவதில் நியாயம் என்பது மற்றொரு கேள்வி. முதிர்ந்த மரத்துக் காட்டை வெட்டுபவனையும் புதுக்காடு வெட்டுபவனையும் ஒரே எடையில் நிறுத்துதல் அநியாயம். அவ்வாறே, பச்சைக் குழந்தைகளையே ஏற்கும் ஸ்தாபனம் எளிதில் தத்துக் கொடுத்துவிடும். பதினான்கு வயதுப் பையன்களையும் நோயுற்ற பிள்ளைகளையும் ஏற்பது திணறும். ஒப்பிடத் தொடங்கிய மறுநாளே, கடினமான பிள்ளையை "இடமில்லை" என்று திருப்பி அனுப்பும் புத்தி பிறந்துவிடும். இல்லினாயில் இதற்கு ஒரு தடை செய்தனர். குழந்தைகளைப் பொறுக்கி எடுக்க விடாது, முறை வைத்து அடுத்தடுத்த ஸ்தாபனத்துக்கு அனுப்பினர். வந்த முறைக்கு வந்த பிள்ளை. நாம் அறிந்தவரை அவ்வொப்பந்தத்தின் ஆணிவேர் இதுவே. இதனை நீக்கினால் மற்றதெல்லாம் வெறும் சந்தைக் கூச்சல்.

இனி, நம் மனத்தை மிகவும் உறுத்திய செய்திக்கு வருவோம். அக்குழந்தைகளில் பலர் அந்நியர் வீட்டில் இல்லை. பாட்டி வீட்டிலும் அத்தை, சித்தி வீட்டிலும் இருந்தனர். பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். ஏட்டின்படி அப்பிள்ளைகள் "இன்னும் நிலைபெறாதவர்கள்." பாட்டி தத்தெடுத்துக்கொண்டால் கணக்கு முடியும். ஆனால் பேரனைத் தத்தெடுக்க வேண்டுமானால், தன் வயிற்றில் பிறந்த மகளுக்குத் தாய் என்ற உரிமையைச் சட்டத்தில் அறுத்தெறிய வேண்டும். எந்தப் பாட்டி செய்வாள்? மகள் குடிகாரியாயிருக்கலாம், நாளை திருந்தி வந்து வாசலில் நிற்கமாட்டாள் என்று எவர் கண்டார்? பாட்டி மறுத்தாள். பிள்ளைக்குச் சோறும் மடியும் குறைவின்றிக் கிடைத்தன. ஏட்டிலோ அது தோல்வி! கோல் கோணியிருந்ததே தவிர, பாட்டி கோணவில்லை.

நல்லவேளையாக அதனை உணர்ந்தவர் சிலர் இருந்தனர். அதே 1997-இல் இல்லினாய், தாயின் உரிமையை அறுக்காமலே உறவினர் சட்டப் பாதுகாவலராகி உதவித் தொகை பெறும் முறையைச் சோதனையாகத் தொடங்கியது. சில குடும்பங்களுக்கு அவ்வழியைத் திறந்து, சிலவற்றைப் பழையபடியே வைத்து, இரு சாராரையும் ஒப்பிட்டனர். வழி திறந்த பக்கத்தில் கூடுதலான பிள்ளைகள் நிலைபெற்றனர். 2008-இல் மத்திய சட்டமே இதனை ஏற்றது. ஆகவே, முன்னர்ச் சொன்ன எண்ணிக்கை இறக்கத்தில் ஒப்பந்தத்தின் பங்கு எவ்வளவு, பாட்டிமார் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. ஸ்தாபனத் தலைவர்கள் பாராட்டு விழாவில் பாட்டிமாரை மேடைக்கு அழைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இவ்வளவும் குழந்தையை எடுத்த பின் நடப்பன. எடுத்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை ஸ்தாபனங்களின் மதிப்பெண் கேட்பதே இல்லை. ஜோசப் டாயில் என்னும் பொருளியல் அறிஞர் 2007-இல் அதே இல்லினாய்க் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். எடுப்பதா விடுவதா என்று அதிகாரிகளே இருமனப்பட்ட குழந்தைகளில், வீட்டிலேயே விடப்பட்டோர் பின்னாளில் குற்றத்தில் சிக்குவது குறைவு, சம்பாத்தியம் கூடுதல் என்று கண்டார். உயிருக்கு அபாயமான வீடுகளைப் பற்றியதன்று அது. அவற்றினின்று குழந்தையை எடுத்தே தீரவேண்டும். ஆயினும், அந்த நடுத்தரப் பிள்ளைகளை மிகச் சிறப்பாய் வளர்ப்பு வீட்டில் சேர்த்த ஸ்தாபனம் முதற்பரிசு பெறும்போது, பரிசு எதற்கு?

2010 முதல் மத்திய சர்க்கார், வளர்ப்பு வீடுகளில் இருந்த இளைஞரையே நேரிற் கேட்கும்படி மாகாணங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. 17 வயதில் ஒருமுறை, 19-இல் ஒருமுறை, 21-இல் ஒருமுறை. வேலை உண்டா, படித்தாயா, தங்க இடமின்றித் திரிந்ததுண்டா, சிறை கண்டதுண்டா, ஆபத்தில் நம்பிப் போக ஒரு பெரியவர் உண்டா என்பன கேள்விகள். கடைசிக் கேள்வியை எழுதியவர் எவராயினும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள நமக்கு ஆசை. ஆனால் 21 வயதில் தேடும்போது பலர் அகப்படுவதில்லை. விலாசம் மாறிவிட்டது, தொலைபேசி எடுப்பாரில்லை. அகப்பட்டவர் கூறியதைக் கொண்டு கணக்கு முடிகிறது. அகப்படாதவர் பெயருக்கு நேரே ஒரு வெற்றிடம். கேள்விகளுக்கு மிகக் கடினமான விடை வைத்திருப்போர் அவர்களாகவும் இருக்கலாம். அந்த வெற்றிடத்தை எந்த ஸ்தாபனத்தின் பக்கத்தில் பதிவது என்று, பதிவேட்டோடு காலந்தள்ளும் நாம் பலநாள் யோசித்தும் பிடிபடவில்லை.