நாடு திரும்பலும் நம் கடமையும்

பொருள் தேடிப் பிறநாடு சென்றோர் மீண்டும் தாய்மண் திரும்புவதை முடிவு செய்வது எது? பணமா, பற்றா, குடும்பமா? இவ்வினாவுக்கு விடை காண நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. மலாயாத் தமிழரின் வரலாறே விடை பகரும்.

‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்திறங்கியோரில் பலர், சில ஆண்டுகள் உழைத்துப் பொருள் சேர்த்து ஊர் திரும்பவே எண்ணியிருந்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே வந்தவரின் உள்ளம் ஊரிலேயே இருந்தது. குடும்பத்தோடு தோட்டத்தில் வாழ்ந்தவரின் நிலை வேறு. மகன் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தான். மகளுக்கு அண்டைத் தோட்டத்தில் சம்பந்தம் அமைந்தது. பெற்றோரை இம்மண்ணிலேயே அடக்கம் செய்தனர். ‘அடுத்த ஆண்டு போகலாம்’ என்ற சொல் நாவில் இருக்க, வேர் இங்கே இறங்கிவிட்டது.

குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டுமென 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன் பின்னர்ப் பலர் கப்பலேறினர். அவர்களுள் இங்கேயே பிறந்து வளர்ந்தோரும் உண்டு. ஏடுகள் அதனைத் தாயகம் திரும்பல் என்றன; அவர்களுக்கோ அது வீட்டைவிட்டு வெளியேறலாகவே இருந்தது.

இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். அயல்நாட்டிலுள்ள மலேசிய வல்லுநர்களை மீட்டழைக்க 2011இல் அமைக்கப்பட்ட ‘டேலண்ட்கார்ப்’ நிறுவனத்தின் திட்டம், வரிச்சலுகையோடு நில்லாமல், வேற்றுநாட்டு வாழ்க்கைத் துணைக்கு நிரந்தரவாசத் தகுதி பெறவும் வழி வகுத்தது. தனிமனிதன் திரும்புவதில்லை, குடும்பமே திரும்புகிறது என்பதை அரசும் உணர்ந்திருக்கிறது.

அங்கே உயர்ந்த ஊதியம், மனைவியின் பணி, குழந்தைகளின் பள்ளி, பழகிய வாழ்க்கைமுறை. இங்கே முதுமையுற்ற பெற்றோர். இரண்டும் கடமைகளே. திரும்பி வருவோரெல்லாம் அறவோர் என்றோ, தங்கிவிட்டோரெல்லாம் நன்றி மறந்தோர் என்றோ தீர்ப்புக் கூறுதல் நேர்மையாகாது.

எனினும் ஒன்று அறத்துக்கு மாறானது. முடிவை ஒத்திப்போட்டு, ‘அடுத்த ஆண்டு’ என்று கூறியே பெற்றோரை வாசற்படியில் காத்திருக்கச் செய்வதுதான் அது. ஒத்திப்போடுவதும் ஒரு முடிவே; உரியவரிடம் உரைக்கப்படாத முடிவு. வருவதாயின் காலத்தைக் குறித்துக் கூறுக. வர இயலாதாயின் அதனையும் அன்போடு உரைத்து, முதியோரின் பராமரிப்புக்கு உரிய ஏற்பாட்டைச் செய்க. மெய்ம்மை அறிந்த பெற்றோர், எஞ்சிய வாழ்நாளைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வர். அவ்வுரிமையையேனும் அவர்களுக்கு அளிப்பது பிள்ளைகளின் கடனாகும்.