அலமாரியில் இருக்கும் அந்தக் கோப்பை

எங்கள் தாமான் காற்பந்துக் கழகத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் புதிய பிள்ளைகளைச் சேர்ப்போம். இந்த முறை பதினொரு பேர். பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரை. முதல் நாள் பந்தைக் கையில் கொடுக்க மாட்டோம். பாடாங்கை ஒட்டியிருக்கும் எங்கள் சிறிய அறையில் உட்கார வைத்து, கழகத்தின் கதையைச் சொல்வோம். சில ஆண்டுகளாக அந்த வேலை என்னுடையது.

இந்த ஆண்டு நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணே, நாங்க பந்து ஆடத்தானே வந்தோம்? பழைய கதை எதுக்குண்ணே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல கேள்விதான். பதில்தான் சுலபமாக வரவில்லை. நாம் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஆடினார்கள், யாரோ ஜெயித்தார்கள், யாரோ அழுதார்கள். நேற்றுச் சேர்ந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அவன் மேன்செஸ்டர் யுனைடெட் ஜெர்சி போட்டிருந்தான். அதனால் அங்கிருந்தே ஆரம்பித்தேன்.

அந்தக் கிளப்பை 1878ல் தொடங்கியவர்கள் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளிகள். அப்போது அதன் பெயர் நியூட்டன் ஹீத். கடனில் மூழ்கி, 1902ல்தான் இன்றைய பெயரோடு எழுந்தது. 1958 பிப்ரவரி 6ஆம் தேதி, ஐரோப்பியப் போட்டி முடிந்து திரும்பும் வழியில், மூனிக் விமான நிலையத்தில் அவர்களுடைய விமானம் விபத்துக்குள்ளானது. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். அதில் டங்கன் எட்வர்ட்ஸுக்கு வயது 21தான். பதினைந்து நாள் மருத்துவமனையில் போராடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

விபத்து நடந்து பதின்மூன்றாம் நாள் அடுத்த ஆட்டம். வழக்கம்போல் ஆட்ட விவரப் புத்தகம் அச்சிட்டார்கள். யுனைடெட் பக்கத்தில் ஆட்டக்காரர்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தார்கள். யார் ஆடப் போகிறார்கள் என்று அச்சுக்குப் போகும்வரை யாருக்கும் தெரியாது. அந்தக் காலி இடங்களில் போய் நின்றவர்களில் சிலர் புதியவர்கள். அன்றைக்கு 3-0 என்று ஜெயித்தார்கள்.

"பத்து வருஷம் கழிச்சு, 1968ல ஐரோப்பியக் கோப்பையை வாங்கினாங்க. விபத்துல பொழச்ச பாபி சார்ல்டன் அந்த ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டாரு. இப்ப சொல்லு, அந்தக் கிளப்புல புதுசா சேர்ற ஒருத்தனுக்கு மூனிக் தெரிஞ்சிருக்கணுமா, வேணாமா?"

"தெரிஞ்சிருக்கணும்ணே" என்றான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

இதுவரைக்கும் சுலபம். துக்கத்தையும் வீரத்தையும் சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். நாங்களும் எங்கள் கதையை அப்படித்தான் சொல்லி வந்தோம். கழகம் தோட்டத்தில் பிறந்தது. பால்மரம் சீவிவிட்டு வந்தவர்கள் சாயங்காலம் வெறுங்காலோடு பந்து ஆடினார்கள். தோட்டம் விற்கப்பட்டபோது லயத்து வீடுகளோடு பாடாங்கும் போனது. தாமானுக்கு வந்த சனங்கள் சட்டி பானையோடு கோல் வலையையும் லாரியில் ஏற்றி வந்தார்கள். இதெல்லாம் உண்மை. சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும்.

ஆனால் அலமாரியில் ஆறு கோப்பைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் நாங்கள் முழுக்கச் சொன்னதே இல்லை.

2003ஆம் ஆண்டு, 15 வயதுக்குட்பட்டோர் போட்டி. அந்தக் குழுவில் நானும் இருந்தேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் முன்வரிசையில் ஆடியவனுக்குப் பதினேழு. அவன் தன் தம்பியின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டி, தம்பியின் பெயரில் ஆடினான். இறுதியாட்டத்தில் இரண்டு கோலையும் அவன்தான் போட்டான். எங்களுக்கெல்லாம் தெரியும். பயிற்றுநருக்கும் தெரியும், ஏற்பாடு செய்ததே அவர்தான். எதிரணியும் எங்களைப் போலவே ஒரு தோட்டத்துக் குழு. ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய கோல் கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்தப் பயிற்றுநர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய படம் எங்கள் அறையில் மாலையோடு இருக்கிறது. காலணி வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்குத் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தவர். எனக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இந்த ஆண்டு அதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, முதலில் எங்கள் கழகத்தின் மூத்தவர் ஒருவரிடம் போய்ப் பேசினேன். கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இல்லாத மனுசன் மேல பழி போடப் போறியா? அவர் வந்து பதில் சொல்ல முடியுமா? அவர் இல்லன்னா இந்தக் கிளப்பே இல்ல தம்பி."

"அதையும் சொல்லுவேன் மாமா."

"புள்ளைங்க அதயா ஞாபகம் வச்சிக்கும்? திருட்டுக் கப்புங்கிறதத்தான் ஞாபகம் வச்சிக்கும். அப்புறம் நாளைக்கு எவனாவது தப்பு செஞ்சா, 'அண்ணன்மாரே செஞ்சாங்க'ன்னு சொல்லும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். இறந்தவரின் பெயரைக் காப்பாற்றுவது நன்றியுள்ளவர்கள் செய்யும் காரியம். பிள்ளைகள் முன்னால் நல்லதை வைப்பது பெரியவர்கள் கடமை. பல நாள் இதைப் பற்றி யோசித்தேன். யோசிக்க யோசிக்க மூன்று விஷயங்கள் எனக்குத் தெளிவாயின.

முதலாவது, வரலாற்றில் பாதியைச் சொல்வது விளம்பரம். யுனைடெட் ரசிகனுக்கு மூனிக் தெரியும். 1915 தெரியுமா? அந்த ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி யுனைடெட்டும் லிவர்பூலும் மோதிய ஆட்டத்தின் முடிவை, 2-0 என்று ஆட்டக்காரர்கள் சிலர் முன்கூட்டியே பேசி வைத்துப் பந்தயம் கட்டினார்கள். அதே கணக்கில் யுனைடெட் ஜெயித்தது. ஒரே ஒரு புள்ளியில் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தது. விசாரணைக்குப் பிறகு இரண்டு கிளப்புகளையும் சேர்ந்த ஏழு பேருக்கு ஆயுள் தடை. அவர்களில் ஒருவரான சாண்டி டர்ன்புல் 1917ல் போர்க்களத்தில் உயிரை விட்டார். இனாக் வெஸ்ட் என்பவருடைய தடை 1945 வரைக்கும் நீங்கவில்லை. சூதில் சேர்ந்தவரும் போரில் செத்தவரும் ஒரே மனிதர்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால், அது அவரைப் பற்றிய உண்மையாக இருக்காது. எங்கள் பயிற்றுநர் விஷயமும் அப்படித்தான்.

இரண்டாவது, மறைத்த வரலாற்றுக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். 1989 ஏப்ரல் 15ஆம் தேதி ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிர் இழந்தார்கள். பழியை அந்த ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். குடும்பங்கள் விடாமல் போராடி, 2016ல்தான் அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்ற தீர்ப்பு வந்தது. இருபத்தேழு வருஷம். எங்கள் கோப்பைக் கதையை அந்தப் பெருந்துயரத்தோடு ஒப்பிட நான் துணிய மாட்டேன். ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டேன்: நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் கதையில் இன்னொருவனுடைய நியாயம் புதைந்து கிடக்கலாம். அந்தக் கோல் கீப்பர் தன்னால்தான் தன் குழு தோற்றது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. 2003ல் பிறந்தே இராத பிள்ளைக்கு இந்தப் பாரம் எதற்கு? அவன் என்ன தப்பு செய்தான்? ஒரு தப்பும் செய்யவில்லை. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அப்பா இறந்த பிறகு வீட்டை எடுத்துக்கொள்கிற மகன், வீட்டின் மேல் இருக்கும் கடனையும் கட்டத்தான் வேண்டும். கடனை வாங்கியது அவன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் குடியிருப்பது அவன். இந்தப் பிள்ளைகள் எங்கள் ஜெர்சியைப் போடுகிறார்கள், பாடாங்கை மிதிக்கிறார்கள், "நம்ம கிளப் ஆறு கப் ஜெயிச்சிருக்கு" என்று பள்ளியில் பெருமை பேசுகிறார்கள். பெருமையில் பங்கு கேட்கிறவனுக்குக் கடனிலும் பங்கு உண்டு. பெருமை மட்டும் போதும் என்றால், அவன் இன்னும் உறுப்பினன் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன்.

ஆகவே சொன்னேன். படத்தில் இருப்பவர் எனக்குக் காலணி வாங்கிக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் செய்த ஏற்பாட்டையும் சொன்னேன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு கோப்பையைத் தூக்கி ஓடியவர்களில் நானும் ஒருவன் என்று சொல்லும்போதுதான் குரல் தடுமாறியது. அதுவரை எல்லாப் பழியையும் இறந்தவர் மேல் போட்டுவிட்டு நான் நல்லவனாக நிற்கலாம் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அறை அமைதியாக இருந்தது. பிறகு முதலில் கேள்வி கேட்ட அதே பையன் கேட்டான்: "அப்போ அந்தக் கப் ஏன்ணே இன்னும் இங்க இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. மதிப்புகளைச் சொல்லிக்கொடுக்கப் போனவன் நான். ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக என் கண்ணெதிரில் இருந்த கோப்பையைப் பற்றி இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

செயற்குழுவில் பேசினோம். மூத்தவர் முதலில் சம்மதிக்கவில்லை. கடைசியில், "கொடுக்கணும்னா கொடுத்துடுங்க, ஆனா அவர் படத்தை மட்டும் எடுக்கக் கூடாது" என்றார். எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த எதிரணியைத் தேடிப் போனேன். அந்தத் தோட்டமும் விற்கப்பட்டு, அங்கே இப்போது மாடி வீடுகள். குழு கலைந்து பல வருஷம் ஆகிவிட்டது. விசாரித்து விசாரித்து அவர்களில் ஒருவரை மட்டும் கண்டுபிடித்தேன். கோல் கீப்பர் இல்லை, தடுப்பாட்டக்காரர். விஷயத்தைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எங்களுக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார். கோப்பையைத் தருகிறோம் என்றேன். "எங்க வைக்கிறது? எங்களுக்குன்னு ஒரு இடமா இருக்கு? அந்தக் கீப்பர்கிட்ட மட்டும் சொல்லிடறேன். அவன் இப்ப ஜோகூர்ல இருக்கான்" என்றார்.

கோப்பை இப்போதும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, மற்ற ஐந்திலிருந்து தள்ளி, கீழ்த்தட்டில். பக்கத்தில் ஒரு அட்டை. அதில் அந்தத் தோட்டத்தின் பெயரும், நாங்கள் அதை எப்படி ஜெயித்தோம் என்பதும் எழுதியிருக்கிறது. எழுதியது அந்தப் பையன்தான். கையெழுத்து கொஞ்சம் கோணல். மாற்றி எழுதச் சொல்லவில்லை.

தம்பி தங்கைகளே, நீங்களும் ஏதாவது ஒரு கழகத்திலோ இயக்கத்திலோ சங்கத்திலோ இருப்பீர்கள். புதியவர்கள் வரும்போது அதன் கதையைச் சொல்லும் பொறுப்பு ஒருநாள் உங்களுக்கும் வரும். சொல்லுங்கள், பெருமையாகவே சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் உங்கள் அலமாரியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன் நிச்சயம் கேட்பான்.