பரிசில்லாப் பந்தயம்

கைக்கு ஒரு காசும் வராத காரியத்துக்காக ஒருவன் இரவெல்லாம் கண்விழித்துப் பாடுபட்டால், உலகம் அவனைப் பைத்தியக்காரன் என்கிறது. அந்தப் பட்டத்தை அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடலாமா?

இங்கிலாந்தில், மேற்கு சஸ்ஸெக்ஸில், விஸ்பரோ கிரீன் என்று ஒரு கிராமம். 1973-ல் அவ்வூர் மதுவிடுதியில் கூடிய சில நண்பர்களுக்கு மோட்டார்ப் பந்தய ஆசை பிறந்தது. பந்தயக் கார் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? ஆனால் வீட்டுக் கொட்டகைகளில் புல்வெட்டும் இயந்திரங்கள் இருந்தன. அவற்றையே ஓட்டினார்கள்! 1978-ல் 12 மணி நேரப் பந்தயமும் தொடங்கியது. அணிக்கு மூவர், இயந்திரம் ஒன்றுதான். கத்திகளைக் கழற்றிவிட்டு, இரவு முழுவதும் குலுங்கிக் குலுங்கி மாறி மாறி ஓட்டவேண்டும். பரிசுப் பணம் கிடையாது. அது அவர்கள் தாமாகவே விதித்துக்கொண்ட சட்டம்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் செக்குமாட்டு வேலைதானே இது என்று நீங்கள் கேட்கலாம். செக்குமாட்டினாலாவது எண்ணெய் கிடைக்கிறது!

பணத்தை விலக்கிவிட்டால் பேராசையும் விலகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. காசின் மதிப்பை அறியாத குழந்தைகூட ஓட்டத்தில் தோற்றால் அழுகிறது. முந்தவேண்டும் என்ற வெறி பணத்துக்கு மூத்தது.

அந்த வெறிக்குக் கடிவாளம் போடுவது பந்தயத்தின் நீளம்தான். தன் சாமர்த்தியத்தைக் காட்ட ஒருவன் இயந்திரத்தை விரட்டினால், நடுநிசியில் அது முறிந்துவிடும். தண்டனை அவனோடு நிற்பதில்லை. தன் முறைக்காகக் குளிரில் காத்திருக்கும் தோழனுக்கும் அதில் பங்கு உண்டு. அஞ்சி அஞ்சி ஓட்டினாலோ, முன்னால் ஓட்டியவன் சேர்த்துவைத்த சுற்றுகள் வீணாகும். முன்னவனுக்கும் பின்னவனுக்கும் ஒருசேரக் கடன்பட்டே அவன் அந்த ஆசனத்தில் உட்காருகிறான். வெற்றி கிட்டினாலும், இவ்வளவு என் பங்கு என்று அளந்து எடுத்துக்கொள்ள முடியாது.

வீடு, நிலம், பதவி எல்லாம் இப்படித்தான். ஒருவரிடம் வாங்குகிறோம், இன்னொருவரிடம் கொடுக்கப் போகிறோம். உடைந்த இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, 'என் முறையில் நானே முந்தினேன்' என்று மார்தட்டுகிறவர்கள் நம்மிடையே குறைவா?

அப்படி மார்தட்டாமலிருக்க, சொந்தக் காசைச் செலவிட்டு, தூக்கத்தையும் இழந்து ஒருவன் பழகுகிறான் என்றால், அவனைப் பைத்தியக்காரன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.