கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு 'நான்'

ஜமேக்காவில் உருவான ரெகே பாடல்களில் அடிமைக் கப்பல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் வரலாற்றுப் பாடநூலில் வருவதுபோல் அது வருவதில்லை. முன்னோர் கொண்டுவரப்பட்டனர் என்று படர்க்கையில் சொல்லி முடித்துவிடக்கூடிய செய்தியைப் பாடகர் தன்மையில் சொல்கிறார். 1973-இல் வெளிவந்த 'ஸ்லேவ் டிரைவர்' பாடலில் அந்தக் கப்பல் தமக்கு நினைவிருப்பதாகப் பேசுபவரும், 1980-இல் வெளிவந்த 'ரிடெம்ஷன் சாங்' பாடலில் கடற்கொள்ளையர் பிடித்து வணிகக் கப்பலுக்கு விற்றது தம்மையே என்று சொல்பவரும் 1945-இல் பிறந்த பாப் மார்லி. பிரித்தானியப் பேரரசு அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடைசெய்தது 1807-இல். ஜமேக்காவில் அடிமைகள் முழு விடுதலை பெற்றது 1838-இல். எனவே தாம் பிறப்பதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் முன்பே ஓய்ந்துவிட்ட கடற்பயணம் ஒன்று தமக்கு நேர்ந்ததாக ஒருவர் சொல்கிறார். இது கவிஞருக்கு வழக்கமாக அளிக்கப்படும் சலுகையா, அல்லது உண்மை என்று ஏற்கப்பட வேண்டிய கூற்றா என்பது, மேலோட்டமாகத் தோன்றுவதைவிடக் கடினமான சமயக் கேள்வியாகும்.

மேலைத் தத்துவத்தில் இக்கேள்விக்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு. அதைத் தந்தவர் ஜான் லாக். 'மனித அறிவு பற்றிய கட்டுரை' என்னும் தம் நூலுக்கு 1694-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் புதிதாகச் சேர்த்த அதிகாரம், நேற்றைய மனிதரும் இன்றைய மனிதரும் ஒருவரே என்று எதை வைத்துச் சொல்வது என ஆராய்கிறது. உடலோ உயிரோ அதைத் தீர்மானிப்பதில்லை, ஒரு செயலைத் தன் செயல் என உள்ளிருந்து உணரும் நினைவே தீர்மானிக்கிறது என்பது அவர் முடிவு. அதை விளக்க அவர் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஒரு கப்பலைப் பற்றியது என்பது இங்கே கவனத்திற்குரியது: சென்ற குளிர்காலத்தில் தேம்ஸ் ஆறு பெருகியதைக் கண்டது நினைவிருப்பது போலவே நோவாவின் பேழையையும் ஊழிவெள்ளத்தையும் கண்டது ஒருவருக்கு நினைவிருக்குமானால், அவற்றைக் கண்டவரும் அவரும் ஒரே ஆள்தான் என்கிறார் லாக். 'ஆள்' என்பதை அவர் வழக்குமன்றம் சார்ந்த சொல்லாகவே கருதினார். புகழும் பழியும், வெகுமதியும் தண்டனையும் யாரைச் சேரும் என்று முடிவு செய்வதற்கான சொல் அது. இந்த அளவுகோலை நேராகப் பொருத்தினால் மார்லியின் 'நான்' பொய்யாகிவிடுகிறது. கப்பலில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள், அவர்களுடைய நினைவு அவர்களோடு முடிந்தது, அவர்களுக்கு இழைக்கப்பட்டதைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்றாகும்.

அடிமை வணிகத்துக்கென 1672-இல் அரச பட்டயம் பெற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக் பங்குகள் வாங்கியிருந்தார். அந்தக் கம்பெனி, தன் ஆளுநராக இருந்த யார்க் கோமகனின் பட்டத்தைக் குறிக்கும் எழுத்துகளைத் தான் வாங்கிய மனிதர்களின் தோலில் சூட்டுக்கோலால் பதித்தது. இதைச் சொல்வது லாக்கின் வாதத்தை மறுப்பதாகாது. வாதம் சொன்னவரின் பணப்பையைக் கொண்டு தீர்வதில்லை. ஆனால் நினைவு தலைமுறை கடக்காது என்று உறுதியாகச் சொல்லும் அதே உலகத்தில் உடைமை எந்தத் தயக்கமுமின்றித் தலைமுறை கடந்தது. அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீட்டை அடிமைகளுக்கு அன்றி அவர்களின் உடைமையாளர்களுக்கு வழங்க வகைசெய்தது. அதற்காக வாங்கிய கடனின் எச்சத்தைப் பிரித்தானிய அரசு அடைத்து முடித்தது 2015-இல். ஓர் உடைமையாளரின் உரிமை நூற்றெண்பது ஆண்டுகள் உயிரோடிருப்பதில் எவரும் மாயம் எதையும் காணவில்லை என்றால், கீழ்த்தளத்தில் கிடந்தவரின் துயரம் அவ்வளவு காலம் உயிரோடிருப்பதை மட்டும் புனைவு என்று தள்ளுவதற்கு நியாயம் குறைவு.

அந்தக் கீழ்த்தளத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். லிவர்பூலைச் சேர்ந்த 'புரூக்ஸ்' என்னும் கப்பலின் வரைபடத்தை 1788-இல் பிளிமத் நகரத்து அடிமை ஒழிப்புக் குழுவினர் அச்சிட்டுப் பரப்பினர். ஓர் ஆணுக்கு 6 அடி நீளமும் 1 அடி 4 அங்குல அகலமும், ஒரு சிறுமிக்கு 4 அடி 6 அங்குல நீளமும் 1 அடி அகலமும் என்று கணக்கிட்டு அதில் உடல்கள் வரிசையாக வரையப்பட்டிருந்தன. அந்த ஆண்டு நிறைவேறிய சட்டப்படி அக்கப்பல் ஏற்றக்கூடியவர்கள் 454 பேர். சட்டம் வருமுன் அது 600-க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றிருந்தது. அதாவது பார்த்தவர்களை நடுங்கவைத்த அந்தப் படம், சீர்திருத்தத்திற்குப் பிந்தைய, இடம் தாராளமாக்கப்பட்ட நிலையைக் காட்டுகிறது. அட்லாண்டிக் வணிகம் நடந்த நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர். கரையிறங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ளவர்கள் கடலில் இறந்தவர்கள்.

அதே கப்பல்களின் மேல்தளத்திலும் ஒரு 'நான்' இருந்தது. 1748-இல் புயலில் சிக்கிப் பிழைத்ததைத் தம் மனமாற்றத்தின் தொடக்கமாகக் கொண்ட ஜான் நியூட்டன், அதன் பின்னரே அடிமைக் கப்பல்களின் தலைவராக 1750 முதல் 1754 வரை மும்முறை பயணம் செய்தார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடும் நடத்தினார். பின்னாளில் குருவாகி அவர் எழுதிய 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாடல், மீட்கப்பட்ட ஒரு தனி உயிரின் நன்றியறிதலாக இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது. 1788-இல் அவர் அடிமை வணிகத்தின் கொடுமையை வெளிப்படையாக எழுதி வருந்தியதும், அந்தச் சாட்சியம் ஒழிப்பு இயக்கத்துக்கு வலுவூட்டியதும் மறக்கத்தக்கவை அல்ல. எனினும் நாற்பதாண்டுக்கு முன் அவரை ஆட்கொண்ட அருள், காலடிப் பலகைக்குக் கீழே இருந்தவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. கடவுளுக்கும் தனக்கும் இடையே வேறு எவரும் இல்லாத 'நான்' அது. அந்தப் பக்திக்குள் மற்றவர் நுழைய இடமே விடப்படவில்லை.

ரெகேயின் 'நான்' வேறொரு சமயத்திலிருந்து வருகிறது. 1930-இல் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹைலி செலாசியில் கடவுளைக் கண்ட ஜமேக்காவின் ஏழை மக்களிடையே ராஸ்தஃபாரி நெறி பிறந்தது. ஜா என்று அவர்கள் அழைக்கும் இறைவன் ஒவ்வொருவருக்குள்ளும் உறைகிறார் என்பது அந்நெறியின் மையம். அதனால் தன்னைக் குறிக்கும்போதும் தம் கூட்டத்தைக் குறிக்கும்போதும் அவர்கள் 'ஐ அண்ட் ஐ', அதாவது நானும் நானும், என்கிறார்கள். பேசுபவரும் அவருள் இருக்கும் இறைவனும், அதே இறைவனைக் கொண்ட மற்றவரும் அதில் அடங்குகின்றனர். இந்த நம்பிக்கையை ஏற்றுக்கொண்டவருக்கு, இறந்த ஒருவரின் துயரத்தைத் தன்மையில் சொல்வது மிகையாகாது. படர்க்கையில் சொல்வதே அவரைக் கைவிடுவதாகும். பர்னிங் ஸ்பியர் எனப்படும் வின்ஸ்டன் ராட்னி 1975-இல் பாடிய 'ஸ்லேவரி டேஸ்' கேட்பவரை நோக்கி, அடிமை நாட்கள் நினைவிருக்கிறதா என்று மறுபடியும் மறுபடியும் வினவுகிறது. தகவல் தெரியுமா என்று அது கேட்கவில்லை. நினைவிருக்கவேண்டும் என்ற கடமையைக் கேட்பவர் மேல் சுமத்துகிறது.

நினைவு கடமையாவது ராஸ்தஃபாரிகள் கண்டுபிடித்த புதுமை அன்று. எகிப்திலிருந்து வெளியேறியதைக் கொண்டாடும் பாஸ்கா இரவில், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து வெளிவந்ததாகக் கருதவேண்டும் என்பது யூத மரபின் பழைய விதி. அதே வேதத்தைக் கையில் எடுத்தவர்கள் அதே முறையில் தம்மை அதற்குள் வைத்துப் படித்தனர். எகிப்து, பாபிலோன் என்ற பெயர்கள் ஜமேக்காவின் காவல்நிலையத்துக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் பொருந்தின. இந்த வாசிப்பின் அபாயத்தை அடிமை முறையின் ஆதரவாளர்கள் முன்பே உணர்ந்திருந்தனர் என்று எண்ண இடமுண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807-இல் லண்டனில் அச்சான சுருக்க வேதாகமத்தில், யோசேப்பு எகிப்துக்கு விற்கப்பட்ட கதை இருந்தது. மோசே மக்களை விடுவித்து நடத்திச் சென்ற கதை நீக்கப்பட்டிருந்தது.

விட்டுவைக்கப்பட்ட அந்த யோசேப்பே மார்லியின் கடைசிக் காலப் பாடலில் திரும்பி வருகிறார் என்பதுதான் வியப்பு. வேறு வாத்தியம் எதுவுமின்றி ஒற்றைக் கிதாரோடு, புற்றுநோய் கண்டறியப்பட்ட பின் பதிவான 'ரிடெம்ஷன் சாங்' பாடலின் முதல் அடிகளில் ஒரு குழியும், விற்பனையும், வணிகரும், இறைவனின் கரத்தால் வலிமை பெற்ற ஒரு கையும் அடுத்தடுத்து வருகின்றன. ஆதியாகமம் அறிந்தவருக்கு இவை அனைத்தும் ஒரே ஆளின் கதை: சகோதரர்களால் குழியில் தள்ளப்பட்டு வணிகரிடம் விற்கப்பட்ட யோசேப்பை, மரணப் படுக்கையிலிருந்த தந்தை யாக்கோபு ஏறத்தாழ இதே கருத்தைச் சொல்லித்தான் ஆசீர்வதிக்கிறார். விற்றவர்கள் சகோதரர்கள் என்பதால், கடற்கரைக் கோட்டைகளுக்குக் கைதிகளைக் கொண்டுவந்து கொடுத்த ஆப்பிரிக்க அரசர்களின் பங்கையும் அந்தக் கதை தனக்குள் வைத்திருக்கிறது. ஆனால் மூலக்கதையில் யோசேப்பு இன்னொன்றும் சொல்கிறார்: நீங்கள் தீமை நினைத்தீர்கள், கடவுளோ அதை நன்மையாக முடித்தார் என்று சகோதரர்களைத் தேற்றுகிறார். தீமை ஏன் நேர்ந்தது என்பதற்கு வேதம் தரும் மிக மென்மையான விடை அது. மார்லி ஆசியை எடுத்துக்கொள்கிறார், அந்த விடையை எடுத்துக்கொள்ளவில்லை. கப்பல் ஒரு நல்ல நோக்கத்துக்காக அனுப்பப்பட்டது என்று அப்பாடலில் எங்கும் இல்லை. இந்த மௌனம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. 1564-இல் முதலாம் எலிசபெத் அரசி, ஜான் ஹாக்கின்ஸின் அடிமைப் பயணத்துக்குத் தந்த அரசுக் கப்பலின் பெயரே 'ஜீசஸ் ஆஃப் லூபெக்'. கடவுளின் பெயரைத் தாங்கிய கப்பலில் விற்கப்பட்டவர்களின் வழிவந்தோர், அந்த விற்பனையில் கடவுளின் திட்டத்தைத் தேட மறுப்பது அவநம்பிக்கை ஆகாது. இறைவன் கீழ்த்தளத்தில் இருந்தார், மேல்தளத்தில் இல்லை என்பதே அவர்களுடைய விசுவாசம்.

இந்த 'நான்' என்னும் கூற்றுக்கு எதிராக எழும் வலுவான மறுப்பு மார்லியின் பிறப்பிலிருந்தே வருகிறது: அவருடைய தந்தை வெள்ளையர். இரத்தம்தான் நினைவைக் கடத்துகிறது என்றால் அவர் இரு தளங்களுக்கும் வாரிசு. அவர் ஒரு தளத்தின் 'நான்' ஆகவே பேசத் தேர்ந்துகொண்டார். அந்தத் தேர்வு, இந்த 'நான்' வம்சாவளியால் தானாக வந்து சேர்வதில்லை, ஏற்றுக்கொள்ளப்படுவது என்பதைக் காட்டுகிறது. ஏற்றுக்கொள்வதற்கு விலையும் உண்டு. கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி 1919-இல் தொடங்கி 1922-இல் முடங்கிய 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் நிறுவனத்தின் நினைவு, தாயகம் மீட்டுச் செல்லும் கப்பலாக ஃபிரெட் லாக்ஸ் முதலியோரின் பாடல்களில் வளர்ந்தது. அதற்கும் முன்பே, போதகர் கிளாடியஸ் ஹென்றி விற்ற அட்டைகளை நம்பி, 1959 அக்டோபர் 5 அன்று ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட ஆயத்தமாக ஏழை மக்கள் மூட்டைமுடிச்சுகளோடு கிங்ஸ்டனில் கூடினர், கப்பல் வரவில்லை. உடைமைகளை விற்றுவிட்டு வந்திருந்தவர்களை, நினைவை உருவகமாக மட்டும் வைத்திருந்தவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

வம்சாவளி முற்றிலும் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. 1781 நவம்பர் 29 முதல் சில நாட்களில், ஜமேக்காவை நோக்கி வந்த 'ஸோங்' அடிமைக் கப்பலின் மாலுமிகள், குடிநீர் போதாது என்று காரணம் காட்டி, 130-க்கும் மேற்பட்டவர்களைக் கடலில் எறிந்தனர். முதல் நாளில் பெண்களும் குழந்தைகளும் அறைச் சன்னல்கள் வழியே தள்ளப்பட்டனர். எறியப்பட்ட ஒருவர் கயிற்றைப் பற்றி மீண்டும் கப்பலுக்குள் ஏறிவிட்டார் என்று பின்னர் நடந்த வழக்கில் கூறப்பட்டது. அவர் பெயர் எங்கும் இல்லை. டிசம்பர் 22 அன்று பிளாக் ரிவர் துறைமுகத்தை அடைந்தபோது கப்பலில் 420 காலன் தண்ணீர் எஞ்சியிருந்தது. உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு வீதம் காப்பீட்டுத் தொகை கேட்டு 1783-இல் வழக்காடினர். சட்டத்தின் கண்ணில் இது குதிரைகளைக் கடலில் எறிந்ததற்கு ஒப்பானது என்பது தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு தந்த விளக்கம். கொலைக்காக எவர் மீதும் வழக்கு நடக்கவில்லை.

அந்தக் குழந்தைகளுக்கு வழித்தோன்றல்கள் இல்லை. அவர்கள் எந்தப் பாடகரின் மூதாதையரும் அல்லர்; அவர்களைத் தன் 'நான்' என்பதற்குள் சேர்க்க எந்தப் பேரனுக்கும் இரத்த உரிமை கிடையாது, லாக்கின் அளவுகோலும் இடம் தராது. 'ஐ அண்ட் ஐ' மட்டுமே அவர்களைச் சேர்த்துக்கொள்கிறது, ஏனெனில் அது வம்சத்தை நம்பி நிற்கவில்லை, ஒவ்வொரு உடலிலும் ஜா உறைகிறார் என்பதை நம்பி நிற்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையை இறுதிவரை கொண்டுசென்றால், சன்னல் வழியே தள்ளப்பட்டவர்களோடு ஜாவும் தள்ளப்பட்டார் என்றே சொல்லவேண்டும். உயிர்பிழைத்து எகிப்தின் அதிகாரியான யோசேப்பு, தீமை நன்மையாக முடிந்தது என்று சொல்லத்தக்க இடத்தில் இருந்தார். ஸோங்கிலிருந்து எறியப்பட்டவர்களின் சார்பில் அப்படிச் சொல்ல எவருமில்லை, அவர்களுக்காக 'நான்' என்று பாடுபவருக்கும் அந்த உரிமை இல்லை.