நவம்பர் மாதத்து மூன்று தேதிகள்

அறுவடை முடிந்து, கோதுமை களஞ்சியம் சேர்ந்து, முதற்பனியும் விழுந்துவிடுகிற நவம்பரில், கனடாவின் பிரெய்ரிப் புல்வெளிகளில் வேலை ஓய்ந்த மனிதன் தன் முன்னோரின் காலத்தை எண்ணிப் பார்ப்பானானால், 1885-ஆம் வருஷத்து மூன்று தேதிகள் அவன் முன் வந்து நிற்கும். அவற்றுள் எதை நினைவுகூர்வது என்ற கேள்வி, பிறருடைய இழப்பின்மேல் எழுந்த சௌகரியங்களை அனுபவிக்கிற எல்லோருக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன்.

நவம்பர் 7-ஆம் தேதி, புல்வெளிக்கு மேற்கேயுள்ள மலைப்பிரதேசத்தில், கிரைகெல்லாக்கி என்னுமிடத்தில், கனடியன் பசிபிக் ரயில்பாதையின் கடைசி ஆணி அறையப்பட்டது. வெண்தாடியும் உயர்ந்த தொப்பியுமாக டொனால்ட் ஸ்மித் சம்மட்டியுடன் குனிந்து நிற்கும் புகைப்படம் மிகப் பிரசித்தமானது. முதலில் வைத்த ஆணி வளைந்துபோக, அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை அறைந்தார்கள் என்ற அற்ப விவரங்கூட இன்றளவும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அவ்வருஷ வசந்தத்தில் பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தவரான மேட்டி ஜனங்களின் கிளர்ச்சியை அடக்கச் சிப்பாய்களை ஏற்றிச் சென்றதன் பயனாகவே, திவாலாகும் நிலையிலிருந்த அக்கம்பெனிக்குச் சர்க்கார் கடனுதவி கிடைத்தது என்பதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆற்றங்கரை நிலங்களுக்கு உரிமை கோரிய அந்த ஜனங்களின் தலைவர் லூயி ரியல், கருணை காட்டும்படி ஜூரிகளே சிபாரிசு செய்திருந்தும், 16-ஆம் தேதி ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். மானிடோபா மாகாணம் இன்று அவர் பெயரால் ஒரு விடுமுறை நாளை அனுஷ்டிக்கிறது.

27-ஆம் தேதிதான் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அன்று பேட்டில்ஃபோர்டில், பூர்வகுடிகளான ஆறு கிரீ இனத்தவரும் இரண்டு அசினிபோய்ன் இனத்தவரும் ஒரே மேடையில், ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே வசந்தத்துக் கலகத்தில் ஃபிராக் லேக்கில் ஒன்பது பேர் கொல்லப்பட்ட சம்பவமும் வேறு சில கொலைகளும் அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள். மாண்டவர்களின் குடும்பத்தார் பட்ட துயரத்தை யாரும் குறைத்துப் பேசலாகாது. ஆயினும், காட்டெருமை மந்தைகள் அழிந்து அவ்வினத்து ஜனங்கள் பட்டினியால் வாடிய காலத்தில், அவர்களைப் பணியவைப்பதற்காகவே அதிகாரிகள் உணவுப் பங்கீட்டைக் குறைத்தும் நிறுத்தியும் வைத்தார்கள் என்பதையும் சேர்த்தல்லவா நியாயம் பேசவேண்டும்? தண்டனை விதித்த நீதிபதியின் சொந்த வீடே அக்கலகத்தில் எரிந்துபோயிருந்தது. எல்லாவற்றினும் கொடியது, அருகிலிருந்த தொழிற்பள்ளியில் படித்த பூர்வகுடிக் குழந்தைகளை அழைத்துவந்து, தங்கள் இனத்தார் மாள்வதைப் பார்க்கச் செய்ததாகும். எண்மரையும் ஒரே குழியில் புதைத்தார்கள். வெகுகாலம் அவ்விடத்தைத் தேடுவாரில்லை.

வளைந்த ஆணியை இவ்வளவு பக்தியோடு ஞாபகத்தில் வைத்திருக்கிற ஒரு தேசத்துக்கு, எட்டு மனிதரை ஞாபகம் வைத்திருப்பது அசாத்தியமாகாது. கடைசி ஆணியின் படத்தை அச்சிடுகிற ஒவ்வொரு பள்ளிப் புத்தகமும், அதே பக்கத்தில் அந்த எண்மரின் பெயர்களையும் அச்சிட வேண்டும்.